காவிரிப் பெருவெள்ளமும் துணையாறுகளும்

முன்னுரை

அகத்திய முனிவரின் கரகம் கவிழ, அந்நீரே காவிரியாகப் பெருகியது என்பது பழங்கதை. மணிமேகலைப் பதிகம், காந்தமன் என்னும் சோழ மன்னன் வேண்ட முனிவரின் கரகநீர் கிழக்கு நோக்கி ஓடிவந்ததாகக் கூறுகின்றது. கதையின் அழகு ஒருபுறம் இருக்க, அதனுள் ஒரு கருத்து உறைந்து நிற்றல் காணலாம். ஆறு ஒன்று, அதன் பிறப்பிடமும் ஒன்று என்பதே அக்கருத்து. வழிபாட்டிற்கும் பாட்டிற்கும் இக்கருத்துப் பொருந்துவதே. ஆனால் வெள்ளத்தின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு இது போதாது. ஆறு ஒன்றாயினும் அதன் வெள்ளம் ஒன்றன்று. குடகிலும் வயநாட்டிலும் நீலமலையிலும் ஆனைமலையிலும் வெள்ளியங்கிரியிலும் தனித்தனியே பிறந்த நீர் ஒரு பொழுதில் ஓரிடத்தில் வந்து கூடுதலையே நாம் 'காவிரி வெள்ளம்' என்று ஒரு பெயரால் வழங்குகின்றோம். அப்பெயர் துணையாறுகளின் பங்கை மறைத்துவிடுகின்றது. மறைந்த பங்கினை 1924, 1977, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளின் வெள்ளங்களைக் கொண்டு வெளிப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. துணையாறும் கிளையாறும்

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஓர் ஆற்றினுள் வந்து கலப்பதும் ஓர் ஆற்றினின்று பிரிந்து செல்வதும் உலக வழக்கில் 'கிளையாறு' என்றே சுட்டப்பெறுகின்றன. இவ்விரண்டும் வெள்ளக்காலத்தில் நேர்மாறான தொழில் புரிவன. வந்து கலப்பது வெள்ளத்தைக் கூட்டும். பிரிந்து செல்வது வெள்ளத்தைப் பகிர்ந்து குறைக்கும். ஆகவே முன்னதைத் 'துணையாறு' என்றும் பின்னதைக் 'கிளையாறு' என்றும் இக்கட்டுரை வேறுபடுத்தி வழங்கும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தஞ்சை மாவட்டத்தில் குடமுருட்டி என்பது காவிரியினின்று பிரியும் கிளையாறு. திருச்சிராப்பள்ளியின் மேற்கே குடமுருட்டி என்னும் அதே பெயருடைய மற்றோர் ஆறு காவிரியில் வந்து கலக்கின்றது. கோரையாறும் அத்தகையதே. நீடாமங்கலத்தில் வெண்ணாற்றினின்று பிரிவது ஒரு கோரையாறு. திருச்சிராப்பள்ளியின் தெற்கேயிருந்து மழைநீரைக் கொணர்வது மற்றொரு கோரையாறு. பெயர் ஒன்று; தொழில் இரண்டு. வெள்ளச் செய்தி கூறும் பழைய குறிப்புகளைப் படிப்போர் இவ்வாறு இரட்டைப் பெயருடைய ஆறுகளை இடம் நோக்கிப் பிரித்துணரத் தவறின், நீரைக் கொண்டுவந்த ஆற்றையும் நீரைக் கொண்டுசென்ற ஆற்றையும் மாற்றிக்கொள்ள நேரும்.

2. இரு பருவம், இரு வெள்ளம்

காவிரி குடகு நாட்டுத் தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேர்கின்றது. அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு 81,155 சதுரக் கிலோமீட்டர். இப்பரப்பின் மழையெல்லாம் ஒரே பருவத்தில் பெய்வதன்று.

மேற்கு மலைத்தொடரின் முகட்டில் பிறக்கும் ஆரங்கி, ஏமாவதி, இலட்சுமண தீர்த்தம், கபினி ஆகியவை தென்மேற்குப் பருவக்காற்றால் பெருகுவன. இவற்றுள் ஆரங்கி குடகிலேயே காவிரியொடு கலக்கின்றது. ஏமாவதியும் இலட்சுமண தீர்த்தமும் இன்று கிருட்டிணராச சாகர நீர்த்தேக்கத்துள் காவிரியொடு கூடுகின்றன. வயநாட்டு நீரைத் திரட்டிவரும் கபினி அவ்வணைக்குக் கீழே திருமகூடலு நரசிபுரத்தில் வந்து சேர்கின்றது. அதற்கும் கீழே சிம்சாவும் அர்க்காவதியும் கலக்கின்றன. இவையனைத்தையும் ஏற்றுக்கொண்ட பின்னரே காவிரி ஒகேனக்கல்லைக் கடந்து மேட்டூரை அடைகின்றது.

மேட்டூருக்குக் கீழே மூன்று துணையாறுகள் முதன்மையானவை. நீலமலையில் தோன்றி மோயாற்றையும் சிறுவாணியையும் ஏற்றுவரும் பவானி, பவானி நகரின் கூடுதுறையில் கலக்கின்றது. வெள்ளியங்கிரி மலையடியில் தோன்றும் நொய்யல் கொங்குநாட்டைக் கடந்து கரூருக்கு வடமேற்கே காவிரியை அடைகின்றது. ஆனைமலைப் பக்கத்தினின்று வரும் அமராவதி, கரூரைக் கடந்து திருமுக்கூடலூரில் கூடுகின்றது. பவானிக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் துணை செய்யும். நொய்யலும் அமராவதியும் தம் மலைத்தலையில் தென்மேற்கு மழையைப் பெறினும், அவை ஓடும் சமவெளியில் பெருமழை வீழ்வது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையிலேயாம்.

எனவே, ஆடி ஆவணியில் வரும் வெள்ளம் மேலிருந்து இறங்குவது; ஐப்பசி கார்த்திகையில் வரும் வெள்ளம் பக்கத்திலிருந்து புகுவது. இவ்விரண்டையும் முறையே 'மேல்வெள்ளம்', 'பக்கவெள்ளம்' என வழங்கலாம்.

3. இலக்கியம் நினைவிற் கொண்ட வெள்ளம்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையின் தொடக்கத்தில், வெள்ளிக்கோள் தன் நிலை திரிந்து மழை பொய்த்தாலும் மலையில் தோன்றும் காவிரி பொய்யாது என்கின்றார். இஃது உயர்வு நவிற்சி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சோழநாட்டு வானம் வறண்டிருக்கும் ஆடித் திங்களில், மழையே காணாத மண்ணில் ஆறு கரைபுரண்டு வருதலைக் கண்ட மக்களின் பட்டறிவு அதனுள் உண்டு. உள்ளூர் மழைக்கும் ஆற்றுப் பெருக்குக்கும் தொடர்பில்லை என்பதனைப் புலவர் அறிந்திருந்தார். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு விழாவும் அவ்வறிவின் மேல் எழுந்ததே. ஐப்பசியில் மயிலாடுதுறையில் நிகழும் துலா நீராட்டு புண்ணிய நீராடலாகப் போற்றப்படுகின்றதேயன்றி வெள்ளத்தை வரவேற்கும் விழாவாக அன்று. ஆக, விழாவாக நிலைபெற்றது மேல்வெள்ளமே.

துணையாறுகளைச் சங்கச் சான்றோர் அறியாதவரல்லர். பதிற்றுப்பத்து குறிப்பிடும் வானியாற்றைப் பவானி என்றும், காஞ்சியாற்றை நொய்யல் என்றும் ஆய்வாளர் பலர் கொள்வர். பேரூர்ப் பகுதியில் நொய்யலுக்குக் காஞ்சி என்னும் பெயர் இன்றும் வழங்குதல் இதற்கு அரண் செய்யும். அமராவதியே ஆன்பொருநை என்பது கரூரை வஞ்சியெனக் கொள்வாரின் துணிபு. ஆயினும் இவ்யாறுகள் இலக்கியத்தில் நிற்கும் கோலத்தை நோக்குதல் வேண்டும். கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்த காலத்து ஆலத்தூர் கிழார் பாடிய புறப்பாட்டில், பொருநை மகளிர் கழங்காடும் மணற்கரையாகவே தோன்றுகின்றது. வானியும் காஞ்சியும் இனிய நீர்த்துறைகளாகவே நினைக்கப்படுகின்றன. பேரியாற்றின் வெள்ளம் பாடப்பட்ட அளவிற்குத் துணையாற்றின் வெள்ளம் பாடப்படவில்லை.

கரிகாலன் காவிரிக்குக் கரை கண்டான் என்னும் செய்தியும் இந்நோக்கிற்கு உரியது. மாலேபாட்டுச் செப்பேடும் திருவாலங்காட்டுச் செப்பேடும் அச்செயலைப் புகழ்கின்றன. பிற்காலத்துச் செப்பேடுகளும் மறவாத அளவிற்கு அச்செயல் பெரிதாக மதிக்கப்பட்டது. அங்கும் கரைபெற்றது பேரியாறே. வெள்ளம் என்றால் மேலிருந்து வருவது, காவல் என்றால் பேரியாற்றுக்குக் கரை எழுப்புவது என்னும் எண்ணம் நெடுங்காலமாக நம்மிடம் ஊன்றியிருந்தமை இவற்றால் அறியப்படும்.

4. 1924: மேல்வெள்ளம்

1924-ஆம் ஆண்டு காவிரி வரலாற்றில் இருவகையால் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் மைசூர் அரசும் சென்னை அரசும் காவிரி உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. ஐந்து திங்கள் கழிந்து, சூலையில், பெருவெள்ளம் வந்தது.

அவ்வுடன்படிக்கை துணையாறுகளை மறக்கவில்லை. பவானி, அமராவதி, நொய்யல் ஆகியவற்றில் சென்னை அரசு புதிய நீர்த்தேக்கம் அமைப்பின், அதற்கு ஈடாக மைசூர் அரசும் தன் எல்லையிலுள்ள ஒரு துணையாற்றில், அத்தேக்கத்தின் கொள்ளளவில் நூற்றுக்கு 60 பங்கு வரை, ஒரு தேக்கம் அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. ஆனால் அக்கணக்கு முழுவதும் பாசனநீரைப் பங்கிடும் கணக்கு. துணையாறு கொடுக்கும் செல்வத்தைச் சட்டம் எண்ணியது. அது கொணரும் இடரை எண்ணவில்லை.

அச்சூலைத் திங்களில் மேற்கு மலைத்தொடரின் முகட்டில் நாள்கணக்கில் ஓயாத மழை பெய்தது. முகட்டின் மேற்கே வீழ்ந்த நீர் சேரநாட்டை அழித்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்தமையால் மலையாள மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என இன்றும் நினைவு கூர்கின்றனர். முகட்டின் கிழக்கே வீழ்ந்த நீர் காவிரியின் மேல் துணையாறுகளில் இறங்கியது. ஒரே மழை, மலைமுகடு அதனை இரு நாட்டிற்கும் பகிர்ந்தளித்தது. கிருட்டிணராச சாகரம் அன்று கட்டி முடியாத நிலையில் இருந்தது. கபினியிலும் ஏமாவதியிலும் இன்றுள்ள அணைகள் அன்று இல்லை. மேட்டூரில் அணையே இல்லை. அவ்விடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 4,56,000 கன அடி நீர் சென்றது எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

இத்துணைப் பெருக்கு எவ்வாறு திரண்டது என்பதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒவ்வொரு துணையாற்றின் வெள்ளத்திற்கும் ஏற்றமும் உச்சமும் இறக்கமும் உண்டு. செங்குத்தான மலையினின்று குறுகிய தொலைவில் இறங்கும் ஆறு விரைவில் உச்சம் எய்தி விரைவில் வடியும். நெடுந்தொலைவு தவழ்ந்து வரும் ஆறு தாழ்த்து உச்சம் எய்தும். மழை ஒருநாள் பெய்து ஓயுமாயின், ஓர் ஆற்றின் உச்சம் கூடல் முனையைக் கடந்துசென்ற பின்னரே மற்றதன் உச்சம் அங்கு வந்தடையும். அந்நிலையில் வெள்ளம் நெடிதாகுமேயன்றி மிக உயராது. மழை பலநாள் நீடிக்குமாயின், முந்திய ஆறு வடியும் முன்னரே பிந்திய ஆறு வந்து சேரும். எல்லா ஆறுகளும் ஏறக்குறைய உச்சநிலையிலேயே நின்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நனைந்து நிறைந்த மண்ணும் மேலும் நீரை உறிஞ்சாது. ஆகவே பெருவெள்ளத்தை ஆக்குவது மழையின் அளவு மட்டுமன்று. துணையாறுகள் வந்து கூடும் காலமும் ஆகும். 1924-இன் பாடம் இதுவே.

5. மேட்டூர் அணையும் அதன் எல்லையும்

பெருவெள்ளம் கண்ட அடுத்த ஆண்டே, 1925-இல், மேட்டூர் அணையின் கட்டுமானம் தொடங்கியது. 1934-இல் அது நிறைவெய்தியது. அணையின் முதன்மை நோக்கம் பாசனமே எனினும், மேல்வெள்ளத்தை ஏற்றுத் தணித்து விடுதலும் அதன் பயனாயிற்று.

அப்பயனுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது கொள்ளளவின் எல்லை. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடும் நீர் ஓர் ஆயிரம் மில்லியன் கன அடியாகும். இக்கணக்கின்படி, 1924-இன் உச்ச வெள்ளம் இடையறாது வருமாயின், முற்றும் வறண்டு கிடக்கும் மேட்டூரும் இரண்டரை நாளுக்குள் நிரம்பிவிடும். பாசனம் கருதி நீரைச் சேர்த்து வைத்திருக்கும் அணையில் வெள்ளத்திற்கென எஞ்சும் இடம் மிகச் சிறிது. நீரைச் சேர்க்க விழையும் உழவனின் தேவையும், இடத்தை வெறுமையாக வைக்க விழையும் வெள்ளக் காவலின் தேவையும் ஓரணைக்குள் முரணி நிற்கின்றன.

இரண்டாவது இடத்தின் எல்லை. மேட்டூர் தனக்கு மேலுள்ள துணையாறுகளையே கட்டுப்படுத்தும். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் அதற்குக் கீழே கலப்பன. இவற்றுள் பவானிக்கு 1955-இல் பவானிசாகர் அணையும், அதன்பின் அமராவதிக்கு அதன் மலையடியில் ஓர் அணையும் அமைந்தன. அவ்வணைகளுக்கும் கீழே, சமவெளியில் வீழும் மழைநீரை எவ்வணையும் தடுப்பதில்லை. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் செய்தித்தாளில் நோக்கி, காவிரியின் நலம் தீங்குகளை அறிந்துவிட்டதாக எண்ணுவோர் இவ்வெல்லையை உணர்தல் வேண்டும்.

6. 1977: பக்கவெள்ளம்

இவ்வெல்லையை உணர்த்தியது 1977-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள். அத்திங்கள் 12-ஆம் நாள் நாகப்பட்டினத்தின் அருகே கரை கடந்த புயல் உள்நாட்டில் மேற்கு நோக்கிச் சென்றது. அது சென்ற வழியெல்லாம் பெருமழை பெய்தது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் நொய்யலும் அமராவதியும் பெருகின. திருச்சிராப்பள்ளியின் தென்மேற்கே கோரையாறு, அரியாறு, குடமுருட்டி ஆகிய சிற்றாறுகளும் ஒருசேரப் பெருகின. நகர் நீரில் மூழ்கியது. உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் மிகப் பெரியவை.

இவ்வெள்ளம் குடகிலிருந்தோ வயநாட்டிலிருந்தோ வந்ததன்று. இதன் பெரும்பகுதி மேட்டூருக்குக் கீழே பிறந்தது. 1924-இல் வெள்ளம் மேற்கிலிருந்து கிழக்கே ஆற்றின் போக்கிலேயே வந்தது. மலையில் மழை பெய்த செய்தி முன்னே வர, நீர் பின்னே வரும். இடையில் அமையும் காலமே மக்களுக்குக் காவல். 1977-இல் மழை கடலிலிருந்து எதிர்முகமாக வந்தது. கோரையாறு போன்ற சிற்றாறு மழை பெய்த சில மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிடும். அதற்கு முன்னறிவிப்பு ஏது?

மற்றொன்றும் கருதத்தக்கது. பேரியாற்றின் நீர்மட்டம் உயர்ந்து நிற்கும்பொழுது துணையாற்றின் நீர் அதனுள் புக இயலாது. வாயில் அடைபட்ட நீர் பின்னே தேங்கி, தன் கரையை உடைத்து ஊரினுள் புகும். எனவே துணையாறு பேரியாற்றைப் பெருக்குவது போலவே, பேரியாறும் துணையாற்றைப் பெருக்குகின்றது. கூடல் முனைகளில் அமைந்த ஊர்கள் இருவகை இடருக்கும் உரியன. கூடல் என்னும் புனிதமே ஊரை ஈர்த்தது. அக்கூடலே ஊரின் இடருமாயிற்று.

7. 2018: பழைய பாடம் மீண்டும்

2018-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் மேற்கு மலைத்தொடரில் மீண்டும் தொடர்மழை பெய்தது. 1924-இல் போலவே கேரளம் மூழ்கியது. முகட்டின் கிழக்கே காவிரி பெருகியது. இப்பொழுது துணையாறுகளில் அணைகள் இருந்தன. ஆயினும் கபினி அணையின் கொள்ளளவு 19.52 ஆயிரம் மில்லியன் கன அடியே. வயநாட்டுப் பெருமழையைத் தாங்க அது போதாது. விரைவில் நிரம்பி, வரும் நீரை அப்படியே கீழே விடவேண்டியதாயிற்று. கிருட்டிணராச சாகரமும் நிரம்பியது. மேட்டூர் நிரம்பி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கன அடி நீர் வெளியேறியது. அதே நாட்களில் பவானிசாகரும் நிரம்ப, மேட்டூரின் நீரொடு பவானியின் நீரும் கூடுதுறையில் கலந்தது.

மேட்டூரில் இவ்வெள்ளம் 1924-இன் உச்ச அளவில் பாதியையும் எட்டவில்லை. எனினும் ஆகத்து 22-ஆம் நாள் முக்கொம்பில், கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் அமைந்த மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து வீழ்ந்தன. திருச்சிராப்பள்ளியில் 1928-இல் கட்டப்பெற்ற பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் அத்திங்களிலேயே சரிந்தன. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதே கொள்ளிடம் என்னும் பெயர்க்குப் பொருள் என்பர். துணையாறுகள் அனைத்தும் கொணர்ந்த நீரை இறுதியில் ஏற்று, வளநாட்டைக் காத்துக் கடலில் சேர்ப்பது அவ்யாறே. மேலே எத்துணை அணைகள் எழுந்தாலும், அவை அனைத்தும் ஒரே காலத்தில் நிரம்பின் இறுதிச் சுமை முக்கொம்பின் மேலேயே வந்து நிற்கும். 1924-இல் துணையாறுகளின் உச்சங்கள் ஒருங்கே கூடின; 2018-இல் துணையாற்று அணைகளின் நிறைவுகள் ஒருங்கே கூடின. கருவி மாறியது, காலத்தின் கூட்டு மாறவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன புலனாகும். காவிரி வெள்ளம் ஒருவகைப்பட்டதன்று. தென்மேற்குப் பருவத்து மேல்வெள்ளமும் வடகிழக்குப் பருவத்துப் பக்கவெள்ளமும் பிறப்பிடத்தாலும் காலத்தாலும் விரைவாலும் வேறுபட்டவை. நம் இலக்கியமும் விழாவும் முன்னதைப் போற்றி நினைவில் இருத்தின. நம் பேரணைகளும் பெரிதும் முன்னதையே நோக்கி எழுந்தன. பின்னது பாடப்படாமையால் மறக்கப்பட்டது. மறக்கப்பட்டமையால் 1977-இல் நகரம் எதிர்பாராது மூழ்கியது.

தமிழாய்வாளர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. கல்வெட்டுகளிலும் ஊர்ப்பெயர்களிலும் தலபுராணங்களிலும் சிற்றாறுகளைப் பற்றிய குறிப்புகள் சிதறிக் கிடக்கின்றன. கூடல், முக்கூடல், துறை, அணை, உடைப்பு என்னும் சொற்கள் வருமிடங்களைத் தொகுத்து, அவ்வப்பகுதியின் நீரோட்டத்தொடு பொருத்தி நோக்குவார்க்கு, வெள்ளம் எந்த வழியில் எந்தக் காலத்தில் வந்தது என்பதனை அறியும் வாயில் கிடைக்கும். பேரியாற்றின் புகழை எழுதப் புலவர் பலர் தோன்றினர். கோரையாற்றின் வரலாற்றை எழுதுதல் இனி நம் தொழில். அடுத்த வெள்ளத்திற்கு முன் அது எழுதப்படுதல் நன்று.